150 முறை வேலைக்காரி: லூப்பே ஓன்டிவெரோஸின் நடிப்பு வாழ்க்கையை எப்படிப் படிப்பது?

லூப்பே ஓன்டிவெரோஸ் என்ற மெக்சிகன்-அமெரிக்க நடிகையின் பெயரைத் தேடினால் இரண்டு விதமான தகவல்கள் வந்து விழும். நியூயார்க்கின் பிராட்வே மேடை, சன்டான்ஸ் திரைப்பட விழாவில் சிறப்பு ஜூரி விருது, டிவிக்கான எம்மி விருதுப் பரிந்துரை, நேஷனல் போர்ட் ஆஃப் ரிவியூ என்ற அமெரிக்கத் திரைப்பட அமைப்பின் சிறந்த துணை நடிகை விருது என்று ஒரு பக்கம். ஏறத்தாழ 150 முறை வேலைக்காரியாக நடித்தவர் என்று இன்னொரு பக்கம். இரண்டும் ஒரே ஆளைப் பற்றியதுதானா என்று குழப்பம் வருவது நியாயம்தான், ஏனென்றால் முதல் பட்டியலில் இருக்கும் திறமைக்கும் இரண்டாவது பட்டியலில் இருக்கும் வேடத்துக்கும் எந்தப் பொருத்தமும் இல்லை.

அந்த 150 என்ற எண்ணை யாரும் உட்கார்ந்து எண்ணி எழுதவில்லை. மேடை, திரை எல்லாவற்றையும் சேர்த்து அவரே குத்துமதிப்பாகச் சொன்ன கணக்கு அது. 2002இல் நியூயார்க் டைம்ஸுக்குக் கொடுத்த பேட்டியில் சொன்னார், அதிலிருந்து அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது. 100ஆக இருந்தாலும் 200ஆக இருந்தாலும் கேள்வி மாறப்போவதில்லை. ஒரு நடிகைக்கு ஒரே வேடம் இத்தனை முறை எப்படி வந்து சேர்கிறது? "பாவம், வாய்ப்பில்லை" என்று சொல்லிவிட்டு நகர்ந்தால் எதுவும் விளங்காது. இது ஒரு ஏற்பாடு. அதன் உறுப்புகளைத் தனித்தனியாகப் பிரித்துப் பார்க்கலாம்.

முதலில் சில சொற்கள்

1. மெக்சிகன்-அமெரிக்கர்: மெக்சிகோ வம்சாவளியில் வந்த அமெரிக்கக் குடிமக்கள். எல்லாருமே எல்லை தாண்டி வந்தவர்கள் என்று நினைத்தால் அது தப்பு. 1848இல் குவாதலூப்பே இதால்கோ ஒப்பந்தத்தின்படி மெக்சிகோ தன் வடபகுதியை அமெரிக்காவிடம் இழந்தது. கலிபோர்னியாவும் இன்றைய தென்மேற்கு மாநிலங்களில் பெரும்பகுதியும் அப்படிக் கைமாறியவைதான். அங்கே ஏற்கெனவே குடியிருந்தவர்கள் எங்கும் போகவில்லை, எல்லைக்கோடுதான் அவர்களைத் தாண்டிப் போனது.

2. சிகானோ (பெண்ணுக்கு சிகானா): மெக்சிகன்-அமெரிக்கர்களில் அரசியல் உணர்வோடு தங்களை அடையாளப்படுத்திக்கொண்டவர்கள் 1960களில் எடுத்துக்கொண்ட பெயர். பண்ணைத் தொழிலாளர் போராட்டம், மாணவர் வெளிநடப்பு, சுவரோவியம், நாடகம் எல்லாம் இதற்குள் வரும்.

3. லத்தீனோ (பெண்ணுக்கு லத்தீனா): லத்தீன் அமெரிக்க வம்சாவளி மொத்தத்துக்குமான பொதுப்பெயர். போர்ட்டோ ரிக்கோ, கியூபா, கொலம்பியா எல்லாம் இதில் அடக்கம். ஹாலிவுட்டுக்கு இந்த வேறுபாடு ஒருநாளும் பெரிய விஷயமாக இருந்ததில்லை.

4. டைப்காஸ்டிங்: ஒருவரை ஒரே மாதிரி வேடத்துக்கு மட்டும் திரும்பத் திரும்ப அழைப்பது.

எல் பாசோ, சமூகப்பணி, அப்புறம் ஒரு விளம்பரம்

லூப்பே 1942 செப்டம்பர் 17 அன்று டெக்சாஸின் எல் பாசோவில் பிறந்தார். ரியோ கிராண்டே ஆற்றின் இந்தக் கரையில் எல் பாசோ, அந்தக் கரையில் மெக்சிகோவின் சியுதாத் ஹுவாரெஸ். பெற்றோருக்கு டோர்டில்லா என்ற மெக்சிகன் ரொட்டி தயாரிக்கும் தொழிலும் உணவகமும் இருந்தன. வேலைக்கு ஆள் வைத்து நடத்திய குடும்பம் என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். டெக்சாஸ் மகளிர் பல்கலைக்கழகத்தில் உளவியலும் சமூகப்பணியும் படித்தார். திருமணமாகி கலிபோர்னியா போனவர் பதினைந்து ஆண்டுகளுக்கும் மேல் சமூகப் பணியாளராக வேலை பார்த்தார்.

நடிப்புக்கு வந்தது 1970களின் நடுவில், முப்பது வயதைத் தாண்டிய பிறகு. படப்பிடிப்புக்குக் கூட்டத்தில் நிற்க ஆள் தேவை என்ற செய்தியைப் பார்த்துவிட்டுப் போனார். கொஞ்ச காலம் பகலில் சமூகப்பணி, மற்ற நேரத்தில் நடிப்பு என்று இரண்டையும் சேர்த்தே இழுத்திருக்கிறார். இதை ஏதோ சுவையான பின்னணித் தகவல் என்று தள்ளிவிட முடியாது. வேலை போனவர்கள், குடியேறிகள், அடிவாங்கும் மனைவிகள் என்று நிஜமான மனிதர்களை வருடக்கணக்கில் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவர் பிறகு அந்த மனிதர்களையே நடிக்கப் போகிறார். அவர் செய்த சின்னச் சின்ன வேடங்கள்கூட ஏன் மனதில் நிற்கின்றன என்பதற்குப் பாதி விடை இங்கே கிடைத்துவிடுகிறது.

மேடையில் அவர் யார்?

திரையில் அவரை வேலைக்காரியாக மட்டும் பார்த்தவர்களுக்குத் தெரியாத பக்கம் இது.

1965இல் கலிபோர்னியாவின் டெலானோவில் திராட்சைத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, லூயிஸ் வால்டெஸ் என்ற இளைஞர் அவர்களை வைத்தே எல் தியாத்ரோ கம்பெசினோ என்ற நாடகக் குழுவைத் தொடங்கினார். மேடை என்று தனியாக ஒன்றும் இல்லை. லாரியின் பின்பலகைதான் மேடை, பார்வையாளர்கள் தொழிலாளர்கள். அங்கிருந்து வளர்ந்து 1978இல் லாஸ் ஏஞ்சலஸின் மார்க் டேப்பர் ஃபோரத்தில் அவர் அரங்கேற்றிய நாடகம்தான் 'ஸூட் சூட்'.

கதைக்கு அடிப்படை உண்மைச் சம்பவம். 1942இல் லாஸ் ஏஞ்சலஸில் ஸ்லீப்பி லகூன் என்ற நீர்த்தேக்கத்தின் அருகே ஒரு இளைஞர் உயிர் ஊசலாடக் கிடந்தார், பிறகு இறந்துபோனார். அதற்காக மெக்சிகன்-அமெரிக்க இளைஞர்களைக் கும்பலாகப் பிடித்து வழக்குப் போட்டார்கள். 17 பேருக்குத் தண்டனை. 1944இல் மேல்முறையீட்டில் எல்லாம் ரத்தானது. நடுவில் 1943 ஜூனில் கடற்படை வீரர்கள் தெருவில் இறங்கி, தொளதொள கோட்டும் உயர்த்திக் கட்டிய பேன்ட்டும் போட்ட இளைஞர்களைத் தேடித்தேடி அடித்தார்கள். 'ஸூட் சூட்' என்பது அந்த உடையின் பெயர்.

நாடகத்தில் குற்றம் சாட்டப்படும் ஹென்றி ரெய்னாவின் தாய் டோலோரஸாக நடித்தவர் லூப்பே. லாஸ் ஏஞ்சலஸில் கூட்டம் அலைமோதியதால் பெரிய அரங்குக்கு மாற்றி மாதக்கணக்கில் ஓட்டினார்கள். 1979 மார்ச்சில் நியூயார்க்கின் வின்டர் கார்டன் அரங்குக்குப் போனது. பிராட்வேக்குப் போன முதல் சிகானோ நாடகம் அதுதான். நியூயார்க் விமர்சகர்கள் சுத்தமாக ரசிக்கவில்லை, 41 காட்சிகளோடு மூடிவிட்டார்கள். கலிபோர்னியாவில் தங்கள் தாத்தா காலத்துக் கதையைப் பார்க்கக் குடும்பத்தோடு வந்து உட்கார்ந்த கூட்டம் நியூயார்க்கில் இல்லை என்பதுதான் வித்தியாசம். நாடகத்தில் பெரிதாக எதுவும் மாறிவிடவில்லை. 1981இல் வால்டெஸே அதைப் படமாக எடுத்தார், அதிலும் தாய் லூப்பேதான்.

பிறகு 1985இல் உருவான லத்தீனோ தியேட்டர் கம்பெனியின் நிறுவன உறுப்பினர்களில் ஒருவராகவும் இருந்தார். ஆக, ஹாலிவுட் இவரை ஏப்ரன் மாட்டிவிட்டு நிற்கவைத்த அதே வருடங்களில், பத்து மைல் தள்ளி மேடையில் இவர் ஒரு இயக்கத்தின் முக்கியமான ஆள்.

வேலைக்காரி வேடம் எப்படி உற்பத்தியாகிறது?

1. வேடத்தை எழுதுபவர். திரைக்கதை எழுத்தாளருக்கு லாஸ் ஏஞ்சலஸில் நடக்கும் ஒரு பணக்கார வீட்டுக் காட்சி வேண்டும். வீட்டில் ஒரு வேலைக்காரி நின்றால் வசதியான வீடு என்று ஒரு விநாடியில் புரிந்துவிடும். எழுத்தாளரின் சொந்த வாழ்க்கையில் அவர் தினமும் பேசும் ஒரே லத்தீனா, அவர் வீட்டில் வேலை செய்யும் பெண்ணாகவே இருக்கலாம். இதில் கெட்ட எண்ணம் எதுவும் தேவையில்லை, சோம்பல் போதும்.

2. வேடத்தின் விவரக்குறிப்பு. திரைக்கதையில் உள்ள ஒவ்வொரு வேடத்துக்கும் வயது, இனம், தோற்றம் என்று இரண்டு வரி எழுதி ஏஜென்ட்களுக்கு அனுப்புவார்கள். இதற்கு பிரேக்டவுன் என்று பெயர். வேலைக்காரி என்றால் பக்கத்திலேயே ஹிஸ்பானிக் (ஸ்பானிய மொழி மரபில் வந்தவர்), 40 வயது என்று இருக்கும். நீதிபதி, மருத்துவர், பக்கத்து வீட்டுக்காரர் என்றால் இனம் எழுதியிருக்காது. எழுதாவிட்டால் எல்லாருக்கும் திறந்த வேடம் என்றுதானே அர்த்தம்? நடைமுறையில் வெள்ளைக்காரர் என்றே படிப்பார்கள். பட்டியலில் இருக்கும் 20 வேடங்களில் லூப்பேயின் ஏஜென்ட் கண்ணில் படுவது ஒன்றே ஒன்றுதான்.

3. ஆடிஷன். லூப்பே சுத்தமான அமெரிக்க ஆங்கிலம் பேசுபவர், டெக்சாஸில் பிறந்து பட்டம் வாங்கியவர். ஆடிஷனுக்குப் போனால் ஸ்பானிய உச்சரிப்போடு பேசும்படிதான் எதிர்பார்ப்பு, அது எவ்வளவு தடிமனோ அவ்வளவு பிடிக்கும் என்று அவரே சொல்லியிருக்கிறார். பேசவே மூன்று வரிதான் இருக்கும் வேடத்தில் உச்சரிப்புதான் முழுப் பாத்திரம். எழுத்தாளர் எழுதாமல் விட்டதை நடிகையின் நாக்கு ஈடுகட்ட வேண்டும்.

4. சங்கமும் சம்பளமும். வெளியில் இருப்பவர்கள் அதிகம் கவனிக்காத விஷயம் இது. கூட்டத்தில் நிற்பவருக்கு அன்றைய கூலியோடு சரி. ஒரே ஒரு வசனம் பேசிவிட்டால் கதை வேறு. நடிகர் சங்க ஒப்பந்தப்படி குறைந்தபட்சச் சம்பளம் உண்டு, படம் மறுபடி டிவியில் ஓடும்போதெல்லாம் ஒரு பங்கும் வரும். அந்தப் பங்குக்கு ரெசிடுவல் என்று பெயர். வருட வருமானம் ஒரு அளவைத் தாண்டினால் சங்கத்தின் மருத்துவக் காப்பீடும் கிடைக்கும். ஒரு லத்தீனா நடிகைக்கு அன்று எட்டும் தூரத்தில் இருந்த வசனம் பேசும் வேடம் எது? "யெஸ், சென்யோரா" (சரிங்கம்மா) சொல்லும் வேலைக்காரி. அதை மறுப்பது கொள்கை சார்ந்த முடிவாக மட்டும் இருக்காது, காப்பீட்டையும் விட்டுக்கொடுப்பதாகிவிடும்.

5. சுழற்சி. போன படத்தில் வேலைக்காரியாக நன்றாகச் செய்தவர் என்று அடுத்த காஸ்டிங் டைரக்டர் கூப்பிடுகிறார். திறமையாகச் செய்யச் செய்ய அந்த வேடம் இன்னும் இறுக்கமாக ஒட்டிக்கொள்கிறது.

இந்த ஐந்தில் எந்த இடத்திலும் நடிகை தேர்ந்தெடுக்கும் கட்டம் இல்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள்.

எதிர்ப்பே இல்லாமல் இது ஓடவில்லை. மெக்சிகோவில் பிறந்த நடிகர் ரிக்கார்டோ மொன்டல்பான் 1970லேயே 'நோசோத்ரோஸ்' என்ற அமைப்பைத் தொடங்கி ஹாலிவுட்டில் லத்தீனோக்கள் காட்டப்படும் விதத்தைக் கேள்வி கேட்டார். சத்தம் எழுந்தது, பட்டியல்கள் மட்டும் மெதுவாகவே மாறின.

ஒரே ஏப்ரன், மூன்று விதமான பெண்கள்

வேலைக்காரி என்று ஒரே சொல்லில் அடைத்துவிடுவதால் வேடங்களும் ஒரே மாதிரி என்று தோன்றும். மூன்றை எடுத்துப் பார்ப்போம்.

'தி கூனீஸ்' (1985): சிறுவர்களின் புதையல் வேட்டைப் படம். வீட்டைக் காலி செய்யப் பொருட்களை மூட்டை கட்டவேண்டும், அதற்காக ரொசாலிட்டா என்ற பெண்ணை அம்மா அழைத்து வருகிறார். ரொசாலிட்டாவுக்கு ஆங்கிலம் தெரியாது. ஸ்பானியம் தெரிந்த ஒரு பொடியன் மொழிபெயர்க்கிறேன் என்று முன்வந்து, அம்மா சொல்லும் சாதாரண வேலைக் குறிப்புகளையெல்லாம் போதைப்பொருள், சித்திரவதைக் கருவி என்று இஷ்டத்துக்கு மாற்றிச் சொல்லி அவளை மிரட்டுகிறான். காட்சியின் சிரிப்பெல்லாம் லூப்பேயின் முகத்தில்தான் இருக்கிறது. கண் விரிகிறது, ஆனால் அம்மாவைப் பார்த்ததும் மரியாதைக்கு ஒரு புன்னகை வந்துவிடுகிறது. கடைசியில் பையனின் கோலிக்குண்டுப் பையில் ரத்தினங்கள் இருப்பதைக் கண்டுபிடித்து, வீட்டை எழுதிக்கொடுக்கும் கையெழுத்தைக் கத்தித் தடுப்பதும் ரொசாலிட்டாதான். குடும்பத்தின் வீட்டைக் காப்பாற்றியவள் வேலைக்காரி, ஆனால் அந்தப் படத்தைப் பற்றிப் பேசும் யாரும் அப்படி நினைவு வைத்துக்கொள்வதில்லை.

'எல் நோர்ட்டே' (1983): கிரெகரி நாவா இயக்கிய படம், திரைக்கதைக்கு ஆஸ்கர் பரிந்துரை பெற்றது. குவாத்தமாலாவில் ராணுவத்துக்குத் தப்பி ஓடி லாஸ் ஏஞ்சலஸ் வந்து சேரும் மாயா இனத்து அண்ணன் தங்கை கதை. தங்கை ரோசாவுக்கு ஊரைக் கற்றுக்கொடுக்கும் அனுபவசாலி நாச்சா என்ற வேடம் லூப்பேக்கு. தையல் தொழிற்சாலையில் குடியேற்றத் துறை சோதனை வந்ததும் இருவரும் தப்பி ஓடி, பிறகு வீடு சுத்தம் செய்யப் போகிறார்கள். வெள்ளைக்கார வீட்டம்மா வாஷிங் மெஷினின் ஒவ்வொரு பட்டனையும் படபடவென்று விளக்குகிறார். ரோசா ஏதோ ஒரு பட்டனை அழுத்திப் பார்க்கிறாள், சரிப்படவில்லை, கடைசியில் துணியைக் கையால் துவைத்துப் புல்தரையில் விரித்துக் காயப்போடுகிறாள். அங்கே நாச்சாவின் வேலை வீட்டம்மாவைச் சமாளிப்பது, ரோசாவைத் தேற்றுவது, தன் பயத்தையும் வெளியே காட்டாமல் இருப்பது. அதே துடைப்பம்தான், ஆனால் இந்தத் தடவை கேமரா வேலைக்காரியின் பக்கம் நிற்கிறது. 'கூனீஸில்' அவளைப் பார்த்துச் சிரிக்கிறோம், இங்கே அவள் கண்வழியே அந்த வீட்டைப் பார்க்கிறோம்.

'ஸ்டோரிடெல்லிங்' (2001): டாட் சோலண்ட்ஸ் எடுத்த கசப்பான படம். வேலைக்காரி கோன்சுவேலோ சமையலறைத் தரையைச் சுத்தம் செய்துகொண்டிருக்க, அந்த வீட்டுச் சின்னப் பையன் வந்து கேள்வி மேல் கேள்வியாகக் கேட்கிறான். அவள் பேரனுக்கு மரண தண்டனை நிறைவேற்றப்பட்டிருக்கிறது. பையனுக்கு அது ஒரு பொழுதுபோக்குத் தகவல். தரையில் அவன் எதையோ சிந்தியதும் உடனே துடைக்கச் சொல்கிறான். லூப்பே கத்துவதில்லை, அழுவதும் இல்லை. குரல் மட்டும் உலர்ந்துகொண்டே போகிறது. பிறகு அவளை வேலையை விட்டு அனுப்பிவிடுகிறார்கள், அவள் ராத்திரி திரும்பி வந்து வீட்டின் எரிவாயுவைத் திறந்துவிடுகிறாள். 25 வருடம் வேலைக்காரியாக நடித்த ஒருவரை இந்த வேடத்துக்கு அழைத்தது தற்செயலாக இருக்க முடியாது என்பது என் கணிப்பு. அந்த முகத்தைப் பார்த்ததும் "யெஸ், சென்யோரா"வுக்குத் தயாராகும் பார்வையாளரின் பழக்கத்தையே படம் தனக்குச் சாதகமாக்கிக்கொள்கிறது.

வேடம் மாறிய இடங்களில் என்ன நடந்தது?

அவருடைய பெரிய வேடங்களை மட்டும் தனியாக எடுத்துவைத்து, ஒவ்வொன்றையும் எழுதியது யார், எடுத்தது யார் என்று பார்த்தால் விஷயம் தெளிவாகிவிடும்.

'செலீனா' (1997). டெக்சாஸ் மெக்சிகன்-அமெரிக்கர்களின் தெஹானோ இசையைப் பாடிய செலீனாவை 1995 மார்ச் 31 அன்று சுட்டுக்கொன்ற யோலாண்டா சால்திவார் வேடம். சால்திவார் செலீனாவின் ரசிகர் மன்றத் தலைவி. இயக்குநர் மறுபடி கிரெகரி நாவா. வில்லி என்று முகத்தில் எழுதி ஒட்டாமல், அன்பாகப் பேசும், கொஞ்சம் ஒட்டிக்கொள்ளும் ஒரு அக்காவாகவே அதைச் செய்திருப்பார், அதனால்தான் கடைசியில் வயிற்றைப் பிசைகிறது. வேடிக்கை என்னவென்றால் அதே 1997இல் ஜாக் நிக்கல்சன் நடித்த 'ஆஸ் குட் ஆஸ் இட் கெட்ஸ்' வந்தது. அதில் லூப்பே என்ன வேடம் என்று கேட்கவே வேண்டாம்.

'சக் அண்ட் பக்' (2000). எழுதியவர் மைக் வைட், இயக்கியவர் மிகேல் ஆர்டெட்டா. சின்ன நாடக அரங்கை நிர்வகிக்கும் பெவர்லி வேடம். குழந்தை மனநிலையிலேயே நின்றுபோன ஒருவன் தான் எழுதிய விசித்திரமான நாடகத்தோடு வருகிறான். பெவர்லி அது எந்த லட்சணத்தில் இருக்கிறது என்று மூஞ்சிக்கு நேராகச் சொல்கிறாள், ஆனால் காசு கொடுத்தால் இயக்கித் தருகிறேன் என்று உட்கார்ந்தும் விடுகிறாள். இந்த வேடத்தில் இனத்துக்கு எந்த வேலையும் இல்லை, உச்சரிப்புக் கோமாளித்தனமும் இல்லை. அலுத்துப்போன, சாமர்த்தியமான, உள்ளுக்குள் நல்லவளான ஒரு நாடகக்காரி. லூப்பே நிஜத்திலேயே அதுதானே. நேஷனல் போர்ட் ஆஃப் ரிவியூ விருதும் இன்டிபென்டன்ட் ஸ்பிரிட் விருதுக்கான பரிந்துரையும் இதற்குத்தான் வந்தன.

'ரியல் விமன் ஹேவ் கர்வ்ஸ்' (2002). இதைக் கொஞ்சம் நின்று பார்க்கவேண்டும். ஹோசஃபீனா லோபெஸ் தையல் கூடத்தில் வேலை பார்த்த அனுபவத்திலிருந்து எழுதி 1990இல் மேடையேறிய நாடகம் இது. படமாக்கியவர் கொலம்பியாவில் பிறந்த பத்ரீசியா கார்டோசோ. கிழக்கு லாஸ் ஏஞ்சலஸில் அம்மா கார்மென், மூத்த மகள் எஸ்டெலா நடத்தும் தையல் கூடம், கல்லூரிக்குப் போக ஆசைப்படும் இளைய மகள் ஆனா. ஆனாவாக அமெரிக்கா ஃபெரேரா, அவருக்கு இது முதல் படம். கூடத்தில் ஒரு கவுன் தைக்க 18 டாலர் கொடுக்கிறார்கள், அதுவே கடையில் 600 டாலருக்குத் தொங்குகிறது.

கார்மென் மகளைக் குண்டு என்று திட்டுகிறாள், கல்லூரிக்குப் போகவிடாமல் தடுக்கிறாள், உடம்புக்கு முடியவில்லை என்று படுத்து நாடகம் போடுகிறாள், மாதவிடாய் நிற்கும் வயதில் தான் கர்ப்பம் என்று நம்புகிறாள். தையல் கூடத்துச் சூடு தாங்காமல் பெண்கள் மேலாடையைக் கழற்றிவிட்டு ஒருவர் உடம்பை ஒருவர் காட்டிச் சிரிக்கும் காட்சி பிரபலமானது. அதில் சேராமல் கோபித்துக்கொண்டு வெளியேறும் ஒரே ஆள் கார்மென். மகள் நியூயார்க் கிளம்பும் நாளில்கூட அறையை விட்டு வெளியே வந்து ஆசீர்வாதம் கொடுப்பதில்லை. இப்படி ஒரு அம்மாவை வில்லியாக நடித்துத் தள்ளிவிடுவது சுலபம். லூப்பே அப்படிச் செய்யவில்லை. சின்ன வயதிலிருந்து உழைத்துத் தேய்ந்த ஒருத்திக்கு, தன்னைத் தாண்டி ஓடும் மகளைப் பார்த்து வரும் பயம் என்ன என்று ஒவ்வொரு திட்டிலும் தெரியும். சன்டான்ஸில் ஃபெரேராவுக்கும் இவருக்கும் சேர்த்து நடிப்புக்கான சிறப்பு ஜூரி விருது கொடுத்தார்கள். 2019இல் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் படம் சேர்க்கப்பட்டது. 'எல் நோர்ட்டே' 1995லேயே அந்தப் பதிவேட்டில் இருக்கிறது.

இந்தப் பட்டியலில் ஒருமுறை கண்ணை ஓட்டிப் பாருங்கள். வால்டெஸ், நாவா, ஆர்டெட்டா, லோபெஸ், கார்டோசோ. எல்லாருமே லத்தீனோக்கள். பெவர்லியை எழுதிய மைக் வைட் லத்தீனோ இல்லை, ஆனால் அந்தப் படத்தையும் இயக்கியது ஆர்டெட்டாதான். பெரிய ஸ்டூடியோவின் பெரிய பட்ஜெட் படங்களிலிருந்து லூப்பேக்கு இப்படி ஒரு வேடம் வரவில்லை. நடிகை அதே நடிகைதான், பேனா பிடித்த கையும் கேமராவுக்குப் பின்னால் நின்ற ஆளும்தான் வேறு.

டிவி எங்கே வருகிறது?

'டெஸ்பரேட் ஹவுஸ்வைவ்ஸ்' முதல் சீசனில் (2004-05) ஈவா லோங்கோரியாவின் மாமியார் ஹுவானிட்டா சோலிஸாக வந்தார். மருமகளை வேவு பார்க்க வந்து, உண்மையைக் கண்டுபிடிக்கும் நேரத்தில் காரில் அடிபட்டுக் கோமாவுக்குப் போகும் வேடம். 2005இல் நகைச்சுவைத் தொடரின் சிறப்புத் தோற்ற நடிகைக்கான எம்மி பரிந்துரை கிடைத்தது. சிறப்புத் தோற்றம் என்பது தொடரின் நிரந்தர நடிகர் குழுவில் இல்லாதவர்களுக்கான பிரிவு. 'கிரீட்டிங்ஸ் ஃப்ரம் டூசான்' (2002-03), 'ராப்' (2012) ஆகிய நகைச்சுவைத் தொடர்களில் பாட்டி வேடம். வேலைக்காரியிலிருந்து பாட்டிக்கு வந்ததை முன்னேற்றம் என்பதா, அடுத்த டைப்காஸ்டிங் என்பதா? என்னைக் கேட்டால் இரண்டும்தான். ஆனால் மாமியாருக்கு ஒரு முழுக் கதை இருந்தது, அது சின்ன விஷயமில்லை.

மறுத்திருக்கலாமே என்ற கேள்வி

இது அவர் உயிரோடு இருக்கும்போதே வந்த விமர்சனம். அவருடைய பதிலில் இரண்டு பக்கம் உண்டு, ஒன்றை மட்டும் மேற்கோள் காட்டுபவர்கள் அதிகம்.

1. வேலைக்காரி வேடத்தை அவர் கேவலமாக நினைக்கவில்லை. உழைக்கும் அந்தக் கைகளைத் திரையில் காட்டுவதில் தனக்குப் பெருமை என்றே பேசினார். வீட்டு வேலை செய்யும் குடியேறிப் பெண்களைப் பற்றிய 'மெய்ட் இன் அமெரிக்கா' என்ற ஆவணப்படத்துக்குப் பின்னணிக் குரல் கொடுத்ததும் அவர்தான்.

2. அதே சமயம் வேறு எதையும் கொடுக்கவில்லையே என்று வெளிப்படையாகக் கோபப்பட்டார். நீதிபதி, நகர மன்ற உறுப்பினர் போல அதிகாரமும் துணிச்சலும் உள்ள வேடங்களுக்கு ஏங்குவதாகச் சொன்னார்.

இரண்டும் முரண் இல்லை. வேலைக்காரியைக் காட்டுவது தவறில்லை, லாஸ் ஏஞ்சலஸ் வீடுகளில் நிஜமாகவே ஆயிரக்கணக்கான லத்தீனாக்கள் வேலை செய்கிறார்கள். 2000ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பிலேயே அமெரிக்காவில் ஹிஸ்பானிக் மக்கள் 3 கோடியே 53 லட்சம், எட்டில் ஒருவர். அவர்களில் ஆசிரியரும் வக்கீலும் கடைக்காரரும் லூப்பேயைப் போன்ற சமூகப் பணியாளரும் இருக்கிறார்கள். திரையில் அந்த ஒருத்தி மட்டும் இருப்பதில்தான் கோளாறு. மறுத்திருக்கலாமே என்று கேட்பவர்கள், முடிவு நடிகையின் கையில் இருந்தது என்று எடுத்துக்கொள்கிறார்கள். அவர் மறுத்திருந்தால் அந்த வேடம் அடுத்த பெண்ணுக்குப் போயிருக்கும், திரைக்கதையில் ஒரு வரிகூட மாறியிருக்காது.

இறந்த பிறகு

2012 ஜூலை 26 அன்று கலிபோர்னியாவின் விட்டியரில் கல்லீரல் புற்றுநோயால் இறந்தார், வயது 69. 2013 ஆஸ்கர் விழாவில் மறைந்த கலைஞர்களுக்கு அஞ்சலி செலுத்தும் காட்சித் தொகுப்பில் அவர் பெயர் இல்லை. லத்தீனோ ஊடகங்கள் கொதித்தன. அந்தத் தொகுப்பில் வருடாவருடம் பல பேர் விடுபடுவார்கள் என்பது உண்மைதான், ஆனால் 35 வருடம் ஹாலிவுட்டின் அத்தனை வீடுகளையும் சுத்தம் செய்தவரை வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள் என்று கோபம் வந்தால் அதைக் குறை சொல்ல முடியாது.

வேடங்கள் மட்டும் நின்றுவிடவில்லை. 'ஸூட் சூட்' 2017இல் அதே மார்க் டேப்பர் ஃபோரத்தில் மறுபடி மேடையேறியது. 'ரியல் விமன் ஹேவ் கர்வ்ஸ்' 2025இல் இசை நாடகமாக பிராட்வேக்கே போனது. கார்மெனாக நடித்த ஹஸ்டினா மச்சாடோவுக்கு பிராட்வே நாடகங்களுக்கான டோனி விருதுப் பரிந்துரை கிடைத்தது.

பார்க்க நினைப்பவர்களுக்கு

விருதுப் பட்டியல் வரிசையில் போகவேண்டாம். முதலில் 'தி கூனீஸில்' ரொசாலிட்டா வரும் காட்சிகளை மட்டும் பாருங்கள். அடுத்து 'எல் நோர்ட்டே' முழுதாக, அப்புறம் 'ரியல் விமன் ஹேவ் கர்வ்ஸ்'. நேரம் இருந்தால் 'சக் அண்ட் பக்', ஆனால் கதை எல்லாருக்கும் ஒத்துவராது, குடும்பத்தோடு உட்கார்ந்து பார்க்கும் படமும் இல்லை. 'ஸ்டோரிடெல்லிங்' அதைவிடக் கடினம், கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள்.